அத்தானின் தோளும் ஒரு பற்றரி ட்ரில்லும்

அந்த ட்ரில் இப்போது என் வீட்டுக் கராஜில், பனி அள்ளுகிற சவளுக்கு மேலேயுள்ள தட்டில் கிடக்கிறது. பற்றரியில் ஓடுகிற சாதாரண ட்ரில்தான். கைப்பிடியைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பரில் ஒரே ஓர் இடம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. இடக்கையால் பிடித்தால் பெருவிரல் போய் அமர்கிற இடம் அது. அதை வைத்திருந்த என் அத்தானோ பிறவி வலக்கைக்காரர். இந்த ட்ரில்லை மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் இடக்கையால் பிடித்தார், ஏனென்றால் வலது தோள் போய்விட்டது. அந்தத் தேய்மானத்தை யாராவது ஒருவர் வந்து விரலால் தடவிப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும். ஒருவரும் வரவில்லை. வந்து பார்ப்பதற்குப் பதிலாக நாற்பது விநாடி வீடியோ ஒன்றைப் பார்த்தார்கள். அந்த வீடியோவை எடுத்தவள் நான்.

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டிய ஒருவரைப் பற்றி எழுதும்போது மனம் கனிந்து எழுதவேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மனம் கனியவில்லை, ஏழு வருடமாகக் கொதித்துக்கொண்டே இருக்கிறது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் ஓர் அறை எடுத்தேன். குடிபோன அன்று லிப்ற் வேலை செய்யவில்லை. அத்தான் வேலை முடிந்து மில்லிக்கனில் இருந்த தன் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வந்தார். என் மெத்தையை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டி, வலது தோளில் வைத்துக்கொண்டு பதினொரு மாடியும் படியால் ஏறினார். நடுவில் இரண்டு இடத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். "களைச்சுப்போனியளோ அத்தான்?" என்று கேட்டேன். "சீ, உது என்ன பாரமே. நல்ல சுகமா இருக்கிறன்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. அந்தப் பதில் அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அவர் மார்க்கம் பக்கத்தில், கார்க் கதவுகளுக்கு இரும்புச் சட்டம் அடிக்கிற ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். தலைக்கு மேலே கொளுவியில் தொங்கி வருகிற சட்டத்தைக் கழற்றி மெசினில் வைக்கவேண்டும், அடித்து முடிந்ததும் எடுத்துத் திரும்பக் கொளுவவேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் நாள் முழுக்க அதே வேலை. ஒரு நாள் தூக்கும்போது தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஏதோ நடந்ததாம். முகம் வெளுத்துவிட்டது. சுப்பவைசர் ஓடிவந்து "ஆர் யூ ஓகே?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் அத்தான் என்ன சொன்னார்? "ஓகே, ஓகே." சொல்லிவிட்டு மிச்சம் நான்கு மணித்தியாலத்தையும் அந்தத் தோளோடேயே நின்று முடித்தார். அன்றைக்கே ஒரு தாளில் காயம் என்று பதிந்திருந்தால் அதற்கென்று ஒரு வழி இருந்தது. மூன்று கிழமை கழித்து, சீப்பால் தலை இழுக்கக்கூடக் கை எழும்பாத நிலையில்தான் டொக்டரிடம் போனார். தோளில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. அது வேலையில் நடந்தது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அவர் 'ஓகே' சொன்னது மட்டும் சுப்பவைசருக்கு நல்ல ஞாபகம். கடைசியில் வேலையோடு சேர்ந்து வந்த ஓர் இன்சூரன்ஸ் கொம்பனிதான் மிஞ்சியது. அவர்கள் அந்தத் தோளை நம்பும்வரைக்கும் அத்தான் அவர்கள் தருகிற காசில் வீட்டில் இருந்து அதை ஆறவிடலாம். நம்பாவிட்டால் திரும்பவும் அந்தக் கொளுவிக்குக் கீழே போய்க் கையை உயர்த்திக்கொண்டு நிற்கவேண்டும். நம்புவார்களா மாட்டார்களா, இதில் இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

வீட்டில் சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. அக்கா விடிய வேலைக்குப் போய்விடுவார். பெறாமகள், அதாவது அக்காவின் ஒரே மகள், பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவாள். இவர் இடக்கையால் கேற்றுக்குப் பெயின்ற் அடித்தார், குசினியில் இழுக்கிற லாச்சிகளையெல்லாம் கழற்றித் திரும்பப் பூட்டினார், பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஜன்னலோரம் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் அவரோடு வேலை செய்த போலந்துக்காரர் ஒருவர், வீட்டை விற்றுவிட்டு அப்பார்ட்மென்ற் ஒன்றுக்குப் போகிறபோது, தன்னுடைய பியர் காய்ச்சுகிற சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பெரிய பானை ஒன்று, மூடி போட்ட வாளிகள், தானியம் உடைக்கிற சின்ன மில் ஒன்று. அத்தான் குடிகாரர் இல்லை, கலியாண வீட்டில் ஒரு கிளாஸோடு நிறுத்துகிறவர். அவரைப் பிடித்தது பியர் அல்ல, அந்த மில். மேலே தானியம் கொட்ட ஒரு தகரப் பெட்டி, கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இரும்பு உருளை, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. முளைக்க வைத்துக் காயவைத்த பார்லியைக் கொட்டிச் சுற்றினால் உருளைகளுக்கு நடுவே நசிந்து உடைந்து வாளிக்குள் விழும். மாவாகிவிடக் கூடாது. உள்ளே பருப்பு உடையவேண்டும், உமி முழுசாக இருக்கவேண்டும், ஏனென்றால் பிறகு சுடுதண்ணீரில் ஊறிய கஞ்சியை வடிப்பது உமிதான். உருளைகளின் இடைவெளி சரியா என்று அவர் தன் நூலக அட்டையைச் செருகிச் செருகிப் பார்ப்பார். புத்தகம் எடுக்க அவர் அதைப் பாவித்ததை நான் கண்டதில்லை. நிலவறை முழுக்கச் சத்துமா வறுத்த மணம் எழும்பியது. அக்கா ஒரு கட்டளைதான் போட்டார். "வெள்ளிக்கிழமையில உந்த வேலை இந்த வீட்டில இல்லை." அதனால் சனிக்கிழமையில் நடந்தது.

ஒரு தரம் காய்ச்ச ஐந்து கிலோ பார்லி வேண்டும். கையால் உடைப்பதென்றால் கால் மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். முதல் நாள் பத்துச் சுற்றோடு அவருடைய முகம் வியர்த்துவிட்டது. இடக்கையால் சுற்றினால், அழுத்திப் பிடிக்க மற்றக் கை உதவாததால் மில் பலகையோடு சேர்ந்து திரும்பியது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் கைப்பிடியைக் கழற்றினார். உள்ளே இருந்த இரும்புத் தண்டு ட்ரில்லின் வாய்க்குள் கச்சிதமாகப் போனது. மில்லைப் பலகையில் பூட்டி வாளிக்கு மேலே வைத்து, தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ட்ரில்லின் பின்பக்கத்தை இடது இடுப்போடு அணைத்து இடக்கையால் விசையை அழுத்துவார். வேகமாக ஓடவிட்டால் உமி பொடியாகிவிடும் என்று ஆகக் குறைந்த வேகத்தில் வைத்திருப்பார். தானியம் நிரம்பியிருக்கும்போது ட்ரில்லை ஓடவிட்டால் அது திணறும். முதலில் ஓடவிட்டுப் பிறகு கொட்டலாம் என்றால் அதற்கு இன்னொரு கை வேண்டும். ஆகவே ஐஸ்கிறீம் வாளி மூடி ஒன்றை வெட்டி, பெட்டிக்கும் உருளைக்கும் நடுவே கதவு மாதிரிச் செருகினார். ட்ரில் ஓடத் தொடங்கியதும் மடியில் கிடக்கிற வலக்கையின் இரண்டு விரலால் அந்தக் கதவை மெல்ல இழுப்பார். தோள் அசையாது, விரல் மட்டும் அசையும். நான் பல தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் மூளையுள்ளவன் எவனும் இதைப் பார்த்தால் என்ன நினைக்கவேண்டும்? தோள் நன்றாக இருக்கிற மனிதன் எதற்கு ட்ரில் பூட்டி, மூடி வெட்டி, இரண்டு விரலால் கதவு இழுக்கிறான்? கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிவிட்டுப் போகமாட்டானா?

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை பின்வளவில் உறவுக்காரர்கள் சேர்ந்திருந்தோம். அடுப்பில் கோழி, மேசையில் அத்தானின் பியர். பியர் நன்றாக இருந்ததா இல்லையா எனக்குத் தெரியாது, ஆனால் எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டுக் குடித்தார்கள். மெசினைக் காட்டச் சொல்லிக் கேட்டதால் மில்லையும் ட்ரில்லையும் மேலே கொண்டுவந்து வைத்து அத்தான் ஓட்டிக் காட்டினார். நான் போனை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினேன். முதல் அரை நிமிடம் அவர் வழக்கமான மாதிரித்தான் செய்தார். இடக்கை, இடுப்பு, இரண்டு விரல். அந்த நேரம் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்த பெரியப்பா, என் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணர், கிளாஸைக் கையில் பிடித்தபடி குரல் கொடுத்தார். "என்ன மருமோன், கசிப்புக் காச்சத்தான் லீவோ? உண்மையா உம்மட தோளுக்கு என்ன?" பியரை ஊர்க் கள்ளச்சாராயமாக்கிய பகிடிக்கு எல்லாரும் சிரித்தார்கள். வீடியோவில் ஆகப் பெரிய சிரிப்பு என்னுடையது, போனுக்குக் கிட்ட நின்றவள் நான்தானே. வேலைக்குப் போகாத ஆம்பிளையை எங்கள் சனம் எப்படிப் பார்க்கும் என்று அத்தானுக்குத் தெரியும். ட்ரில்லை மில்லிலிருந்து உருவினார். வலக்கைக்கு மாற்றினார். தலைக்கு மேலே தூக்கி விர்ரென்று ஓடவிட்டார். "ஒண்டுமில்லை மாமா, நல்ல சுகம்! பாருங்கோ!" கைதட்டல். "அப்பிடிப் போடுங்கோ அத்தான்!" என்று என் குரல். அத்தோடு வீடியோ முடிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு வீடியோ இல்லை. அடுத்த நாள் காலை அக்கா எனக்குப் போன் எடுத்தார். அத்தான் இரவு முழுக்கக் கட்டிலில் சரியவே இல்லையாம், உறைந்த பட்டாணிப் பை ஒன்றைத் தோளில் கட்டிக்கொண்டு கதிரையிலேயே இருந்தவராம். ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டதற்கு, "அத்தனை பேருக்கு முன்னால கேட்டா வேறென்ன சொல்லுறது?" என்றாராம். அக்கா சொல்லச் சொல்ல நான் ஐயோ பாவம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாளே அந்த வீடியோவை எல்லாரும் பார்க்கிற மாதிரி, 'எங்கட அத்தானின்ர பியர் பக்டரி' என்று தலைப்பும் வைத்து, என் இணையப் பக்கத்தில் போட்டாயிற்று. லண்டனில் இருந்தும் பாரிசில் இருந்தும் இதயம் இதயமாக வந்து விழுந்தது. அதை அங்கேயிருந்து எடுத்துவிடவேண்டும் என்று என் மண்டையில் தட்டவே இல்லை. பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாட்டும் இல்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லமுடியாது. நான் வேலை செய்வது பிசியோதெரபி கிளினிக் ஒன்றின் முன்மேசையில். ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட, பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் நொண்டி நொண்டி உள்ளே வருவார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "எப்பிடி அன்ரி?" என்றால் "நல்ல சுகம் பிள்ளை" என்பார்கள். வலி ஒன்றிலிருந்து பத்துவரை எத்தனை என்று ஒரு படிவம் இருக்கிறது. கதிரையில் இருந்து எழும்ப ஏலாமல் கண்ணில் தண்ணீர் நிற்கும், கேட்டால் "ரெண்டு போடும்" என்பார்கள். பத்து என்று சொன்னால் கூட்டிச் சொல்லிவிட்டோம் என்று டொக்டர் நினைத்துவிடுவாராம். நான் ஒவ்வொரு நாளும் அவர்களோடு மல்லுக்கட்டி, உண்மையான இலக்கத்தைப் பிடுங்கி எழுதுகிறவள். 'சுகம்' என்ற சொல் எங்கள் வாயில் எவ்வளவு பெரிய பொய் என்று இந்த நகரத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அப்படிப்பட்டவள்தான் அந்தப் பொய்யை ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்து ஊருக்கெல்லாம் காட்டினேன்.

சில கிழமைக்குப் பிறகு இன்சூரன்ஸ் கொம்பனியின் கடிதம் வந்தது. அந்த வீட்டில் ஆங்கிலக் கடிதம் வந்தால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். குசினி மேசையில் அத்தான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் நான். பொதுவெளியில் கிடைத்த வீடியோ ஒன்றைப் பரிசீலித்ததாக எழுதியிருந்தார்கள். அதில் அவர் மின்கருவி ஒன்றை வலக்கையால் தோள் மட்டத்துக்கு மேலே சிரமமின்றி உயர்த்தி இயக்குகிறார். தமிழில் பேசியதை மொழிபெயர்த்துப் பார்த்ததில், தனக்கு ஒன்றும் இல்லை, தான் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாக அவரே கூறுகிறார். ஆகவே வழமையான வேலைக்குத் திரும்பலாம். மொழிபெயர்த்தவரும் ஒரு தமிழராகத்தானே இருக்கவேண்டும்! எங்கள் ஆட்களில் யாராவது 'நல்ல சுகம்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆளுக்குத் தெரியாதா? அவருடைய தாயும் தகப்பனும் வேறு என்ன சொல்லியிருப்பார்கள்? முதல் முப்பது விநாடி இடக்கையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஐஸ்கிறீம் மூடியைப் பற்றி இல்லை. கடைசி ஏழெட்டு விநாடிதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நான் வாசித்து முடித்துவிட்டு, வீடியோ நான் போட்டதுதான் என்று சொன்னேன். அக்கா என்னைப் பார்க்காமல் எழும்பிப்போய்க் கேத்திலைப் போட்டார். அத்தான்தான் பேசினார். "நீ என்ன செய்யிறது பிள்ளை. தூக்கினது நான்தானே." அவர் என்னை ஏசியிருக்கலாம். ஒரு கிளாஸைத் தூக்கி எறிந்திருக்கலாம். அதைக்கூட அந்த மனிதர் எனக்குத் தரவில்லை.

முறையீடு செய்தோம். அவர்கள் தங்களுடைய டொக்டர் ஒருவரிடம் வரச்சொன்னார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். காரில் மில்லிக்கனிலிருந்து டவுண்ரவுண் வரைக்கும் அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டு போனேன். பின்சீற்றில் இருந்து பெறாமகளும் சேர்ந்துகொண்டாள். "அப்பா, ஜஸ்ற் ரெல் ஹிம் இற் ஹேர்ட்ஸ். தற்ஸ் ஓல். டோன்ற் பி நைஸ்." "ஓம், ஓம்" என்றார் அத்தான். "அத்தான், எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்?" "நோகுது எண்டு சொல்லுவன்." "கையைத் தூக்கச் சொன்னா?" "ஏலாது எண்டு சொல்லுவன்." திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன். நன்றாகத்தான் சொன்னார். உள்ளே போனோம். நல்ல மரியாதையான வயதான வெள்ளைக்கார டொக்டர் எழுந்து நின்று கை நீட்டினார். "ஹவ் ஆர் யூ ருடே, சேர்?" அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "ஃபைன், ஃபைன். தாங்க்யூ டொக்டர். அண்ட் யூ?" வலி எத்தனை என்று கேட்டார். "ரூ" என்றார், பத்துக்கு இரண்டு. கையை உயர்த்த முடிந்தவரைக்கும் உயர்த்தச் சொன்னார். உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தோள் மட்டத்துக்கு உயர்த்தி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், டொக்டர் எழுதி முடிக்கும் வரைக்கும். நான் குறுக்கிட்டேன். சொல்லுவதை மட்டும் மொழிபெயர்க்கும்படி டொக்டர் என்னை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது நான் காருக்குள் கத்தினேன். "ஏன் உப்பிடிக் கத்துறாய்?" என்று அத்தான் கேட்டார். "அவ்வளவு படிச்ச மனுசன் எழும்பி நிண்டு கேக்கேக்க எப்பிடி ஏலாது எண்டுறது?" பெறாமகள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எனக்கு அந்த மனிதரின் நல்ல தோளைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது.

முறையீடு தோற்றது. மார்கழி மாதம் திரும்ப வேலைக்குப் போனார். அதே கொளுவி, அதே சட்டம். அக்கா விடியற்காலையில் அவருக்குச் சேட்டுக் கையை மாட்டிவிடவேண்டும், அவரால் பின்னுக்குக் கொண்டுபோக முடியாது. சேட்டுக்குக் கை மாட்ட முடியாத மனிதர் தலைக்கு மேலே இரும்பு தூக்கினார். வேலையில் எப்படி என்று யார் கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. மாசி முடிவதற்குள் மிச்சம் இருந்த பாதியும் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள், சரிவரவில்லை. வலக்கை இப்போது விலா எலும்பு மட்டத்துக்கு மேல் எழும்பாது. அதன் பிறகு எல்லாரும் நம்பினார்கள்! தோளை ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தோள் முழுசாக அறுந்து விழுந்த பிறகு அது நோகிறது என்று ஏற்றுக்கொள்வதற்கு இவ்வளவு படிப்பும் பதவியும் எதற்கு?

பெரியப்பாவை அதன் பிறகு யாரோ பெரியபிள்ளையான ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில் கண்டேன். "பாவம் உம்மட அத்தான், நல்ல மனுசன்" என்றார், வாயில் வடையோடு. நீங்கள் அன்றைக்குக் கேட்ட கேள்விதான் அவருடைய கையை எடுத்தது என்று அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்தேன். சொன்னதில் எனக்குத் துளியும் கவலையில்லை. அது முழு உண்மை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கேட்டவர் அவர், சிரித்தவள் நான், போட்டவள் நான், வெட்டி எடுத்தவர்கள் கொம்பனிக்காரர், தூக்கியவர் அத்தான். எல்லாரிலும் எனக்குக் கோபம். அத்தானில்தான் ஆகக் கூட என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல பிள்ளையாக இருந்து இருந்தே அந்த மனிதர் தன்னுடைய கையைக் கொடுத்தார். எங்களை இப்படி வளர்த்தவர்கள் யார்? நோகிறது என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று யார் சொல்லித் தந்தார்கள்? இங்கே வாயால் சொல்லாதது ஒன்றும் இல்லாதது என்று அர்த்தம். இந்தச் சின்ன விஷயத்தைப் படித்துக்கொள்ள எங்களுக்கு இத்தனை வருடமும் போதவில்லை.

மில்லிக்கன் வீட்டை விற்றுவிட்டு அவர்கள் மகளோடு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனபோது மில்லும் ட்ரில்லும் என் கராஜுக்கு வந்தன. ஐந்து வருடமாக நான் அவற்றைத் தொடவில்லை. அந்த விர்ரென்ற சத்தத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டாலே நான் ஜன்னலைச் சாத்துகிறவள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, அக்காவோடு வந்திருந்த அத்தான் கராஜுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உந்த மில்லு சும்மாதானே கிடக்கு. ஒருக்கா உடைச்சுப் பாப்பமோ?" என்றார். காரில் பார்லி மூட்டையும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவர் பதிலுக்குக் காத்திராமல் இடக்கையால் வாளியை இழுத்து வைத்து, சட்டைப் பையிலிருந்து நூலக அட்டையை எடுத்தார். பற்றரியைச் சார்ஜ் போட்டேன். பெட்டியில் தானியத்தைக் கொட்டி, ட்ரில்லை வலக்கையில் பிடித்து, கோபத்தில் விசையை முழுசாக அழுத்திவிட்டு அந்த ஐஸ்கிறீம் மூடிக் கதவை ஒரே இழுவையாக இழுத்தேன். கொஞ்சம் ஓடியது. பிறகு பார்லிக்குள் கிடந்த கல்லோ என்னவோ உருளைகளுக்கு நடுவே போய் இறுக, மில் அப்படியே நின்றது. ட்ரில் நிற்கவில்லை, அது என் கையோடு சேர்ந்து சுழன்றது. மணிக்கட்டு முறுகி, விரல்முட்டி பலகையில் போய் அடித்தது. கண் இருட்டிவிட்டது.

"நொந்ததோ?" என்று அத்தான் கேட்டார்.

"இல்லை அத்தான், ஒண்டுமில்லை" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் எனக்கே கேட்டது. ஏழு வருடமாக அந்தச் சொல்லைத் திட்டிக்கொண்டிருந்த வாய், கேட்ட அடுத்த விநாடி அதையே சொன்னது. யாரும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை. அத்தான் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். இடக்கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அது அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

"பொய் சொல்லாதை பிள்ளை. நோகும். எனக்குத் தெரியும்."

சுப்பவைசருக்குச் சொல்லாதது, பெரியப்பாவுக்குச் சொல்லாதது, எழுந்து நின்று கேட்ட அந்த டொக்டருக்குச் சொல்லாதது, அதை எனக்குச் சொன்னார். கராஜில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. அக்கா உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். என்னுடைய போன் குசினி மேசையில் கிடந்தது.

"நோகுது அத்தான்" என்றேன்.

"ஓம்" என்றார்.

கல்லை எடுத்தோம். பெட்டியில் இன்னும் பாதித் தானியம் மிச்சம் இருந்தது. வலக்கையால் பிடிக்க முடியாததால் ட்ரில்லை இடக்கைக்கு மாற்றி இடுப்போடு அணைத்தேன். பெருவிரல் அந்தத் தேய்ந்த இடத்தில் போய் அமர்ந்தது.